இதில் என் ஆட்கள் யார்?

வாஷிங்டன் என்ற குடும்பப் பெயர்மீது எனக்கு நெடுங்காலப் பித்து. அமெரிக்கத் தலைநகரை ஒட்டிய புறநகர் ஒன்றில் குடியேறிய பிறகு, ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கிருந்த பொது நூலகத்தின் குடும்ப வரலாற்றுப் பிரிவுக்கு உதவிக்குப் போய்வந்தேன். மூதாதையரைத் தேடி வருகிறவர்களுக்கு மக்கள்தொகைக் கணக்கேட்டையும் கப்பல் பயணிகள் பட்டியலையும் உயில் பதிவேட்டையும் எப்படிப் பார்ப்பது என்று காட்டிக்கொடுக்கும் வேலை. சம்பளம் கிடையாது. அந்த அறையில்தான் இந்தப் பெயர் என்னைப் பிடித்துக்கொண்டது. அங்கேயே அந்தப் பெயரை உடைய ஒரு பெண்மணிக்கு நான் அநியாயம் செய்தேன். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அதற்கு முன்னால் பெயரின் கதையை, நான் மயங்கிக் கிடந்த வடிவத்திலேயே சொல்லிவிடுகிறேன். மயக்கம் எதில் என்று தெரிந்தால்தான் குற்றம் எது என்று தெரியும்.

இங்கிலாந்தின் வடகிழக்கில், டர்ஹாம் நகருக்கு வடக்கே, வாஷிங்டன் என்று ஓர் ஊர் இருக்கிறது. இன்று சண்டர்லாந்து மாநகரத்துக்குள் அடங்கிவிட்டது. 1183இல் டர்ஹாம் ஆயர் தன் நிலங்களையும் அவற்றிலிருந்து வரவேண்டிய வாரங்களையும் கணக்கெடுத்து எழுதவைத்தார். போல்டன் புத்தகம் என்று அந்த ஏட்டைச் சொல்வார்கள். அதில் ஹெர்ட்பர்ன் ஊர் வில்லியம் என்ற நிலக்காரர் ஒருவர் வருகிறார். தன் கையிலிருந்த ஹெர்ட்பர்னை ஆயருக்குக் கொடுத்துவிட்டு, மாற்றாக வாஷிங்டனை வாங்கிக்கொண்டார். ஆண்டுக்கு இவ்வளவு என்று பணம் கட்டவேண்டும். ஆயர் பெருவேட்டைக்குப் புறப்பட்டால் வேட்டை நாய்களோடு உடன் போகவேண்டும். நிலம் மாறியதும் பெயரும் மாறியது. அவருடைய வழியினர் அந்த ஊரின் பெயராலேயே அறியப்பட்டார்கள். அக்கால இங்கிலாந்தில் நிலக்காரரின் பெயர் கிட்டத்தட்டப் பட்டாவைப் போன்றது. தந்தையிடமிருந்து மகனுக்கு இரண்டும் சேர்ந்தே இறங்கும். உழுதவர்களுக்கு நிலையான குடும்பப் பெயர் ஊன்ற இன்னும் பல தலைமுறைகள் ஆயின.

வில்லியமின் வழியில் ஒரு கிளை மேற்கே லங்காஷயருக்கு நகர்ந்தது. வார்ட்டன் என்ற ஊரில் தங்கியது. அங்கே பிறந்த லாரன்ஸ் வாஷிங்டன் தெற்கே நார்த்தாம்ப்டனுக்கு வந்து, கம்பளி வணிகத்தில் பணம் சேர்த்து, 1532இலும் 1545இலும் அந்நகரத்தின் மேயராக இருந்தார். எட்டாம் ஹென்றி துறவு மடங்களைக் கலைத்து அவற்றின் நிலங்களை விற்றுக்கொண்டிருந்த காலம் அது. 1539இல் மடத்துக்குச் சொந்தமாயிருந்த சல்கிரேவ் பண்ணையை லாரன்ஸ் 324 பவுனுக்குச் சற்று மேலே கொடுத்து வாங்கி, அங்கே கல்வீடு கட்டினார். அந்த வீடு இன்றும் நிற்கிறது. வாசல் முகப்பில் குடும்பச் சின்னம் இருக்கிறது: வெள்ளைக் கேடயத்தில் குறுக்கே இரண்டு சிவப்புப் பட்டைகள், மேலே மூன்று சிவப்பு நட்சத்திரங்கள். அமெரிக்கத் தலைநகரின் கொடியாக 1938இல் ஏற்கப்பட்டது இந்தச் சின்னம்தான்.

அவருடைய கொள்ளுப்பேரன், அவரும் லாரன்ஸ், ஆக்ஸ்ஃபர்டில் படித்துக் குருவானவர். எசெக்ஸ் பகுதியில் பர்லீ என்ற ஊரின் தேவாலயத்தில் நல்ல வருமானத்தோடு இருந்தார். உள்நாட்டுப் போர் வந்தது. மன்னர் பக்கம் சாய்ந்தவர் என்பதால் 1643இல் பாராளுமன்றத்தார் அவரை வெளியேற்றினார்கள். மதுக்கடையே கதியாகக் கிடப்பவர் என்று குற்றம் எழுதினார்கள். வறுமைப்பட்ட ஒரு சிறு தேவாலயம் மட்டும் மிஞ்சியது. அவர் இறந்தபோது பிள்ளைகளுக்கு விட்டுச்செல்ல ஒன்றுமில்லை. மூத்தவன் ஜான் கப்பலேறினான். புகையிலை ஏற்றிவரப் போன ‘சீ ஹார்ஸ்’ என்ற கப்பலில் துணை மாலுமி வேலை. 1657இன் தொடக்கத்தில், சரக்கேற்றிய கப்பல் பொட்டோமாக் ஆற்றில் தரைதட்டியது. ஜான் வர்ஜீனியாவிலேயே தங்கிவிட்டார். நத்தானியேல் போப் என்ற நிலக்கிழாரின் மகள் ஆனை மணந்தார். மாமனார் 700 ஏக்கர் கொடுத்தார். காலனிக்கு ஒரு ஆளைக் கூட்டிவந்தால் தலைக்கு 50 ஏக்கர் என்று அங்கே ஒரு முறை இருந்தது. அந்த முறையாலும் வாங்கியும் ஜானின் நிலம் பல ஆயிரம் ஏக்கராகப் பெருகியது. பின்னாளில் மவுண்ட் வெர்னன் பண்ணையாகப் போகும் ஆற்றங்கரை நிலமும் அதில் அடங்கியதுதான்.

ஜானின் பேரன் அகஸ்டின். அகஸ்டினின் மகன் 1732இல் பிறந்த ஜார்ஜ். தந்தை இறந்தபோது ஜார்ஜுக்கு 11 வயது. சொத்தில் அவர் பங்குக்கு நிலத்தோடு பத்து அடிமைகளும் வந்தார்கள்.

இந்தக் கடைசி வாக்கியத்தை அந்நாளில் நான் வேகமாகத் தாண்டிப்போவேன். எனக்குச் சுவைத்ததெல்லாம் அறுந்துபோகாத அந்த இழை. தலைமுறைக்கு ஒரு ஆவணம்; ஆவணத்துக்கு ஒரு முத்திரை; 1183இலிருந்து 1799 வரை கை விடாமல் பிடித்துக்கொண்டே வரலாம். ஜார்ஜ் வாஷிங்டனுக்கே இதில் அவ்வளவு அக்கறை கிடையாது. இங்கிலாந்தின் சின்னங்களைப் பதிவுசெய்யும் அலுவலகத்திலிருந்து ஐசக் ஹெர்ட் என்ற அதிகாரி அவருடைய குடிவழி பற்றிக் கேட்டு எழுதியபோது, 1792இல் பதில் எழுதிய ஜனாதிபதி, தெரிந்ததைத் தெரிவித்துவிட்டு, இந்த விஷயத்தில் தாம் கவனம் செலுத்தியதே குறைவு என்று சொல்லியிருக்கிறார். நான் செலுத்தினேன். ஒரு தமிழ்ப் பத்திரிகையில் ‘ஒரு பெயரின் பயணம்’ என்ற பொருளில் கட்டுரையும் எழுதினேன். டர்ஹாம், வார்ட்டன், சல்கிரேவ், பர்லீ, வர்ஜீனியா. கடைசிப் பத்தியில் மட்டும் ஒரு வாக்கியம்: இன்று இப்பெயரைத் தாங்குவோரில் கறுப்பின மக்களும் உண்டு.

அந்த ‘உம்’ பொய். 2000ஆம் ஆண்டின் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்குப்படி வாஷிங்டன் என்ற குடும்பப் பெயருடையோர் 1,63,036 பேர். அவர்களில் பத்தில் ஒன்பது பேர் கறுப்பினத்தவர். இந்த எண் எனக்குத் தெரியாமல் இல்லை. அச்செடுத்து என் கோப்பில் வைத்திருந்தேன். பெயரின் வரலாறு என்றால், அதைத் தாங்கி நடந்தவர்களின் வரலாறுதானே? பத்தில் ஒன்பது பேரின் கதையை ஒரு இடைச்சொல்லுக்குள் அடைத்துவிட்டு, மீதிப் பேரின் கதையை முழுக்கதையாக உங்கள் முன் வைத்தேன்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று யோசித்தால் என் வீட்டுக்குத்தான் போகவேண்டியிருக்கிறது. தாத்தாவின் பெயருக்குப் பின்னால் சாதிப்பெயர் இருந்தது. அப்பா அதை வெட்டினார். நான் தலைப்பெழுத்தோடு வளர்ந்தவன். அதை என் தலைமுறையின் யோக்கியதை என்றே நம்பிவந்தேன். ஆனால் திண்ணையில் தாத்தா வாயால் ஏழு தலைமுறைப் பாட்டன்மார் பெயரைக் கேட்டு மனப்பாடம் செய்ததும் நான்தான். எந்தப் பாட்டனுக்கு எந்த ஆற்றுப் பாசனத்தில் எவ்வளவு மானிய நிலம் என்பதை இப்போது கேட்டாலும் சொல்லுவேன். அந்த நிலத்தில் உழுதவரை எனக்குத் தெரியும். கொல்லைப்புறமாக வந்து கூலி வாங்கிப்போவார். எங்கள் வீட்டுக் குழந்தைகள்கூட அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவோம். அவருடைய அப்பா பெயர் என்ன என்று எனக்குத் தெரியாது. கேட்கவேண்டும் என்று தோன்றியதே இல்லை. பெயரின் வாலை வெட்டிவிட்டேனே தவிர, யாருக்கு மூதாதையர் உண்டு, யாருக்கு இல்லை என்று பிரித்துப் பார்க்கும் கண்ணை அப்படியே வைத்திருந்தேன். அந்தக் கண்ணோடுதான் அந்த நூலக மேசையில் உட்கார்ந்திருந்தேன்.

அவர் எழுபதைத் தாண்டிய கறுப்பினப் பெண்மணி. செவிலியாக வேலைபார்த்து ஓய்வுபெற்றவர். குடும்பப் பெயர் வாஷிங்டன். வீட்டுப் பழைய பைபிளின் முதல் ஏடுகளில் பிறப்பும் இறப்பும் குறித்துவைத்திருந்ததை நகலெடுத்துக்கொண்டு வந்திருந்தார். அதில் எல்லோருக்கும் மேலே இருந்தது அவருடைய கொள்ளுத்தாத்தாவின் பெயர். 1870 கணக்கேட்டில் அந்த மனிதரை எளிதாகவே கண்டுபிடித்தோம். வர்ஜீனியாவில் ஒரு கிராமம், பண்ணைத் தொழிலாளி, மனைவி, பிள்ளைகள், எழுதத் தெரியாது என்ற கட்டத்தில் ஒரு கோடு.

“இவருக்கு அம்மா யார் தம்பி?” என்று கேட்டார்.

பார்த்து வைக்கிறேன், அடுத்த வாரம் வாருங்கள் என்றேன். பார்க்கவில்லை. அதற்குப் பதிலாக, அந்த வாரம் முழுக்க ஆசையாசையாக வாஷிங்டன் குடிவழிப் படத்தைச் சீர்செய்து, பெரிய தாளில் அச்செடுத்தேன். மேல் மூலையில் சல்கிரேவ் சின்னத்தை வண்ணத்தில் போட்டேன். அவர் வந்ததும் மேசைமேல் விரித்து, ஹெர்ட்பர்ன் வில்லியமிலிருந்து ஆரம்பித்தேன். பொறுமையாகக் கேட்டார். என் பெயரைப் பற்றிக்கூட இடையில் விசாரித்தார். எங்களில் குடும்பப் பெயர் கிடையாது, இங்கே படிவங்களுக்காக அப்பா பெயரைக் கடைசியில் போட்டுக்கொள்கிறேன் என்று சொன்னேன். “அப்படியானால் உங்கள் அப்பா யாரென்று உங்கள் பெயரே சொல்லிவிடுகிறது” என்றார். நான் தலையாட்டிவிட்டு மறுபடி பர்லீ பாதிரியாருக்குப் போனேன்.

எல்லாம் முடிந்தபின் அவர் தாளைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார். “அழகாக இருக்கிறது. இதில் என் ஆட்கள் யார்?”

அதற்கு நான் இரண்டு பதில்கள் சொன்னேன். இரண்டும் கேவலமானவை.

முதல் பதில்: உங்கள் கொள்ளுத்தாத்தாவின் முன்னோர் மவுண்ட் வெர்னனில் ஜார்ஜ் வாஷிங்டனிடம் இருந்திருக்கலாம். ஆதாரம் ஒன்றும் என்னிடம் இல்லை. அவரை மகிழ்விக்கும் என்று நினைத்துச் சொன்னேன். புகழ்பெற்ற ஒருவருக்கு அடிமையாக இருந்ததை ஒரு மரியாதையைப் போல அவர் முன்னால் நீட்டினேன். “எங்கள் பாட்டி அப்படி எதுவும் சொன்னதில்லை” என்று அவர் அதைத் தள்ளிவிட்டார்.

இரண்டாவது பதில்: 1870க்கு முன்னால் உங்கள் பக்கம் ஒன்றும் கிடைக்காது அம்மா, ஆவணமே கிடையாது. குடும்ப வரலாறு தேடுகிறவர்கள் இதை 1870 சுவர் என்று சொல்வார்கள், எல்லோரும் இங்கே முட்டிக்கொண்டு நிற்பதுதான் வழக்கம் என்றும் விளக்கினேன். சொல்லும்போது என் குரலில் வருத்தம்கூட இருந்தது.

சுவர் உண்மையில் உண்டு. 1850, 1860 கணக்கெடுப்புகளில் அடிமைகளுக்கென்று தனிப்பட்டியல் போட்டார்கள். உரிமையாளரின் பெயர் எழுதி, அதன்கீழே வயது, பால், நிறம் மட்டும் குறித்தார்கள். பெயர் இல்லை. விடுதலை பெற்றவர்கள் முதன்முதலாகப் பெயரோடு எழுதப்பட்டது 1870இல்தான். ஆனால் சுவரில் கதவுகள் உண்டு என்பது அந்த மேசையில் உட்கார்ந்திருந்த எனக்குத் தெரியும். பயிற்சியின்போதே சொல்லிக்கொடுத்தார்கள். அமெரிக்க உள்நாட்டுப் போர் முடியும் தறுவாயில் 1865இல் அரசு ஏற்படுத்திய விடுதலை பெற்றோர் நலத்துறையின் தாள்கள் இருக்கின்றன: கூலி ஒப்பந்தங்கள், ரேஷன் பட்டியல்கள், பிள்ளைகளைத் தேடித் தாய்மார் கொடுத்த மனுக்கள். அடிமையாயிருந்தபோது சேர்ந்து வாழ்ந்தவர்களின் இல்லறத்தைச் சட்டப்படியான திருமணமாக ஏற்று வர்ஜீனியா 1866இல் பதிவேடுகள் எழுதியது. கணவன், மனைவி, பிறந்த இடம், கடைசி உரிமையாளர், பிள்ளைகள் எல்லாம் அதில் வரும். எஜமானர்களின் உயில்களும் சொத்துப் பட்டியல்களும் உண்டு. அவற்றில் மனிதர்கள் மாடுகளுக்கும் மரச்சாமான்களுக்கும் நடுவில் விலையோடு எழுதப்பட்டிருப்பார்கள்.

எல்லாவற்றிலும் மேலானது விடுதலை பெற்றோர் சேமிப்பு வங்கியின் கணக்குப் பதிவுகள். 1865இல் தொடங்கி 1874இல் அந்த வங்கி மூழ்கியது. அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் கிட்டத்தட்ட முப்பது லட்சம் டாலர் சேமிப்பு அதோடு முடங்கிப்போனது. நகரங்கள்தோறும் துணி வெளுத்தும் சட்டி தேய்த்தும் சேர்த்த காசு. கணக்குத் தொடங்க வந்தவர்களில் பலருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது என்பதால், ஆள் அடையாளத்துக்காக அவர்களுடைய உறவுகளைக் கேட்டு எழுதினார்கள். பிறந்த ஊர், வளர்ந்த இடம், முன்னாள் எஜமான், அப்பா, அம்மா, கூடப்பிறந்தவர்கள், யார் இருக்கிறார்கள், யார் இறந்தார்கள், யாரை எங்கே விற்றார்கள். அந்த மக்கள் தங்கள் வாயால் சொன்ன குடிவழி அது. சல்கிரேவ் முகப்பைப் பார்த்து உருகிய நான், இந்தப் பதிவுகளின் சுருளை ஒருமுறைகூட ஓடவிட்டுப் பார்த்ததில்லை.

நேரம் பிடிக்கும், கையெழுத்து மோசம், ஒரே பெயரில் பலர் வருவார்கள். இவையெல்லாம் அந்நாளில் எனக்கு நானே சொல்லிக்கொண்ட காரணங்கள். பர்லீ தேவாலயப் பதிவின் கையெழுத்து இதைவிட மோசம். அதைப் பூதக்கண்ணாடி வைத்து மாலை முழுக்கப் படித்திருக்கிறேன். தேடினால் கிடைக்கப்போவது ஒரு சமையற்காரியோ உழவனோதான், அதில் சொல்ல என்ன கதை இருக்கப்போகிறது என்று என் மனம் தீர்மானித்திருந்தது. இதுதான் காரணம். வேறு காரணம் இல்லை.

அவர் நன்றி சொல்லிவிட்டுப் போனார். குடிவழிப் படத்தை மரியாதைக்காக மடித்து எடுத்துக்கொண்டார். பிறகு வரவில்லை. வருகைப் பதிவேட்டில் அவருடைய முகவரி இருந்தது.

ஆண்டுகள் கழிந்தபின் என்னை அசைத்தவர் ஹாரி வாஷிங்டன் என்ற மனிதர். அவரை நான் தேடிப் போகவில்லை. ஜார்ஜ் வாஷிங்டனின் போர்க்காலக் கடிதங்கள் பற்றிப் படித்துக்கொண்டிருந்தபோது எதிரே வந்தார்.

ஹாரி காம்பியா ஆற்றுப் பகுதியில் 1740ஐ ஒட்டிப் பிறந்தவர் என்று கணிக்கிறார்கள். 1763இல் ஜார்ஜ் வாஷிங்டன் அவரை விலைக்கு வாங்கினார். வர்ஜீனியாவின் தெற்கெல்லையில் உள்ள பெருஞ்சதுப்பு நிலத்தை வடித்து விளைநிலமாக்கும் திட்டத்துக்கு ஆள் தேவைப்பட்டது. பிறகு மவுண்ட் வெர்னனுக்குக் கொண்டுவரப்பட்டார். 1771இல் தப்பி ஓடினார், பிடித்துவந்தார்கள். 1775 நவம்பரில் வர்ஜீனியாவின் பிரிட்டிஷ் ஆளுநர் டன்மோர், கிளர்ச்சிக்காரர்களிடமிருந்து தப்பிவந்து மன்னர் படையில் சேரும் அடிமைகளுக்கு விடுதலை என்று அறிவித்தார். ஹாரி அடுத்த ஆண்டு மறுபடி ஓடினார். இம்முறை பிடிபடவில்லை. எஜமான் அமெரிக்கப் படையின் தலைவராகப் போரிட்ட ஆண்டுகளில், ஹாரி எதிர்த்தரப்பின் கறுப்பினப் படைப்பிரிவில் வேலைபார்த்தார்.

போர் முடிந்து பிரிட்டிஷார் நியூயார்க்கைக் காலிசெய்யும் நேரம். தப்பிவந்தவர்களைத் திருப்பித் தரவேண்டும் என்று வாஷிங்டன் கேட்டார். 1783 மே 6 அன்று பிரிட்டிஷ் தளபதி கை கார்ல்ட்டனை நேரில் சந்தித்தபோதும் கேட்டார். அதற்குச் சில நாள் முன்பு, தன்னிடமிருந்து ஓடிய சிலர் நியூயார்க்கில் இருக்கக்கூடும், கண்டால் பிடித்துவைக்கவும் என்று தனியாகக் கடிதமும் எழுதியிருந்தார். கார்ல்ட்டன் விட்டுக்கொடுக்கவில்லை. வாக்குக் கொடுத்தவர்களைக் கைவிட முடியாது என்றார். உரிமையாளர்கள் பின்னாளில் இழப்பீடு கேட்டால் காட்டுவதற்காக, கப்பலேறும் ஒவ்வொருவரையும் ஒரு பேரேட்டில் எழுதவைத்தார். மூவாயிரம் பேர் அதில் இருக்கிறார்கள். ஜூலை மாதம் புறப்பட்ட ‘லபோண்டான்ஸ்’ என்ற கப்பலுக்குரிய ஏட்டுப் பக்கத்தில் இவர் இருக்கிறார்: ஹாரி வாஷிங்டன், வயது 43, ஜெனரல் வாஷிங்டனின் உடைமையாக இருந்தவர், அவரைவிட்டு வந்து ஏழாண்டு ஆகிறது.

மவுண்ட் வெர்னன் கணக்குகளில் வெறும் ஹாரி. நியூயார்க் துறைமுகத்தில் முழுப்பெயரோடு ஒரு மனிதர். கப்பல் அவரை நோவா ஸ்கோஷியாவில் இறக்கியது. பிர்ச்டவுன் என்ற கறுப்பினக் குடியேற்றத்தில், பாறை நிலத்தில், பனியில் சில ஆண்டுகள் இருந்தார். வாக்களித்த நிலம் ஒழுங்காகக் கிடைக்கவில்லை. 1792 ஜனவரியில் ஹாலிஃபாக்ஸிலிருந்து 15 கப்பல்களில் ஏறத்தாழ 1,200 பேர் மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் புறப்பட்டபோது அவரும் மனைவியும் அவர்களோடு போனார்கள். சியரா லியோனில் ஃப்ரீடவுன் நகரை நிறுவியவர்கள் இவர்கள்தான். அங்கேயும் குடியேற்றத்தை நடத்திய கம்பெனி நிலத்துக்கு வரி கேட்டது. 1800இல் குடியேறியவர்கள் எதிர்த்து எழுந்தார்கள். கம்பெனி அடக்கியது, ஹாரியை விசாரித்து எதிர்க்கரையில் இருந்த புல்லம் பகுதிக்கு நாடுகடத்தியது. மவுண்ட் வெர்னனில் அவருடைய பழைய எஜமான் இறந்து ஓராண்டுகூட ஆகவில்லை.

டர்ஹாம் ஊர்ப்பெயர் ஆப்பிரிக்கக் கரைக்குப் போய்ச்சேர்ந்த வழி இது. ஜான் வாஷிங்டன் அட்லாண்டிக்கை ஒருமுறை கடந்ததைக் காவியமாக்கி எழுதினேனே, ஹாரி அதே கடலை விலங்கோடு ஒருமுறையும் சுதந்திரமாக ஒருமுறையும் கடந்திருக்கிறார். ஆவணமே கிடையாது என்று நான் சொன்ன மக்களில் ஒருவருக்கு மூன்று கண்டங்களில் ஆவணம் இருந்தது. படித்துமுடித்த அன்றிரவு எனக்கு அந்தப் பெண்மணியின் கேள்விதான் திரும்பத் திரும்ப வந்தது. அப்போதும் உடனே எழுந்து ஏதும் செய்துவிடவில்லை. இன்னும் படித்தேன். வெட்கத்தைப் படிப்பால் ஒத்திப்போட்டேன் என்றுதான் சொல்லவேண்டும்.

படித்ததில் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். 1799இல் மவுண்ட் வெர்னனில் 317 அடிமைகள் இருந்தார்கள். ஜார்ஜ் வாஷிங்டனுக்குச் சொந்தமானவர்கள் 123 பேர். அவர்களைத் தன் மனைவியின் காலத்துக்குப் பிறகு விடுவிக்கும்படி உயில் எழுதினார். மனைவி மார்த்தா 1801 ஜனவரி 1ஆம் தேதியே விடுவித்துவிட்டார். மார்த்தாவின் முதல் கணவர் வீட்டுச் சொத்தாக வந்த 153 பேருக்கு அந்த விடுதலை இல்லை. அவர்கள் பேரப்பிள்ளைகளுக்குப் பங்கிடப்பட்டார்கள். ஒன்றரை லட்சம் பேரின் பெயர் இந்த ஒரு பண்ணையிலிருந்து மட்டும் பெருகியிருக்க முடியாது. எஜமானின் பெயரை அடிமைகள் அப்படியே ஒட்டிக்கொண்டார்கள் என்று நான் எண்ணியிருந்ததே பிழை. எஜமானர்கள் அறியாமல் அடிமைக் குடும்பங்கள் தமக்குள் குடும்பப் பெயர் வைத்துக் காத்துவந்தன என்பதை வரலாற்றாசிரியர் ஹெர்பர்ட் கட்மன் 1976இல் வெளிவந்த தன் பெருநூலில் விரிவாகக் காட்டினார். பெரும்பாலும் அது அப்போதைய உரிமையாளரின் பெயராக இருக்காது. முந்தைய தலைமுறையில் குடும்பம் எங்கே ஒன்றாக இருந்ததோ அந்த இடத்தின் நினைவாக இருக்கும். விற்கப்பட்டுப் பிரிந்தவர்கள் ஒருவரையொருவர் மறுபடி கண்டுபிடிக்க அது மட்டுமே துணை.

சிலர் தாமாகவே தேர்ந்துகொண்டார்கள். கல்வியாளர் புக்கர் டி. வாஷிங்டன் 1856இல் வர்ஜீனியாவில் அடிமையாகப் பிறந்தவர். விடுதலைக்குப் பிறகு குடும்பம் மேற்கு வர்ஜீனியாவின் உப்புக் காய்ச்சும் ஊருக்குப் போனது. பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் பெயர் கூப்பிட்டபோது மற்றப் பிள்ளைகளுக்கெல்லாம் இரண்டு பெயர் இருப்பதைச் சிறுவன் கவனித்தான். தன் முறை வந்ததும், பழகிய பெயரைப் போல, புக்கர் வாஷிங்டன் என்று சொன்னான். அவருடைய தன்வரலாற்றில் இது இருக்கிறது. அவருடைய மாற்றாந்தந்தையின் முதற்பெயர் வாஷிங்டன். ஹெர்ட்பர்ன் வில்லியமும் ஒருநாள் இப்படித்தான் பெயரை மாற்றிக்கொண்டார். அதை வரலாறு என்று குறித்துக்கொண்ட நான், இதைச் சுவையான துணுக்கு என்று ஓரத்தில் எழுதிவைத்திருந்தேன்.

கடைசியில் அந்தச் சுருள்களை எடுத்தேன். சேமிப்பு வங்கியின் ரிச்மண்ட் கிளைப் பதிவுகளில் தேடினேன். அந்தப் பெண்மணியின் கொள்ளுத்தாத்தா அதில் இல்லை. அவருடைய தம்பி இருந்தார். ஊர் பொருந்தியது, அண்ணன் பெயர் பொருந்தியது, அண்ணியின் பெயரும் பிள்ளைகளின் பெயரும் 1870 கணக்கேட்டோடு பொருந்தின. முன்னாள் எஜமானின் பெயர் வாஷிங்டன் இல்லை, வேறொன்று. அப்பா பெயர் இருந்தது. அம்மா பெயர் இருந்தது. அக்கா ஒருத்தியைத் தெற்கே விற்றுவிட்டார்கள் என்ற குறிப்பும் இருந்தது. தாயின் பெயரை நான் இங்கே எழுதமாட்டேன். அது அந்தக் குடும்பத்தின் உடைமை. அதைத் தேடியெடுக்க எனக்கு இரண்டு வார இறுதிகூடப் பிடிக்கவில்லை.

எல்லாவற்றையும் நகலெடுத்து, பழைய முகவரிக்கு அனுப்பினேன். மகளிடமிருந்து பதில் வந்தது. அம்மாவுக்கு நினைவு தப்பிவிட்டது. பெயர்களை வாசித்துக் காட்டினேன், பிடிபடவில்லை. என் பிள்ளைகளுக்கு இதைத் தருவேன், நன்றி. அதன்கீழே ஒரு கேள்வி: அம்மா உங்களிடம் வந்து கேட்டபோதும் இது இருந்ததா?

இருந்தது என்று எழுதினேன். அத்தோடு நிறுத்தியிருக்கவேண்டும். அக்காலத்தில் இவற்றுக்குச் சரியான அகரவரிசை இல்லை, இன்றுபோல் கணினியில் தேடும் வசதி பரவவில்லை, எங்கள் நூலகத்தில் எல்லாம் கிடைப்பதும் அரிது என்று மூன்று வரி சேர்த்தேன். முதல் இரண்டும் ஓரளவு உண்மை. மூன்றாவது பொய். ரிச்மண்ட் கிளையின் சுருள் அந்த அறையிலேயே, என் நாற்காலிக்குப் பின்னாலிருந்த இழுப்பறையில், எண்ணிட்ட பெட்டியில் இருந்தது. அந்த இழுப்பறைகளின் பட்டியலை அடுக்கி எழுதி ஒட்டியவனே நான்தான். இதை அந்த மகளுக்கு இரண்டாவது கடிதமாக எழுதிவிட்டேன். அவரிடமிருந்து பதில் வரவில்லை. பதில் சொல்லவேண்டிய கடமையும் அவருக்கு இல்லை.